வோல்பேப்பரின் பின்பக்கம் எழுதிய அணி

சனவரி பிறந்து இரண்டு கிழமைக்குள் என் கைபேசி நடுங்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊர்க் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர், அநேகமாக மைதானத்துப் பக்கம் வந்தே பல வருடமான ஒருவர், "இந்த முறை ஆரை எடுக்கிறம்?" என்று ஒரு வரி போடுவார். அவ்வளவுதான். மே மாதத்து விடுமுறைத் திங்களில் நடக்கும் ஊர்களுக்கிடையிலான கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கும். காலையில் கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்ட வேண்டியிருக்கும். ஆனாலும் லண்டனில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து செவன் கிங்ஸ் வரை உள்ள அத்தனை ஊர்க்காரரும் யாருடைய தோள் போய்விட்டது, யாரைக் கழற்றிவிட வேண்டும், யாரைப் பிடித்துப் போட வேண்டும் என்று எழுதித் தள்ளுவார்கள்.

நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். என் வாழ்நாளில் நான் பிடித்த ஒரே பந்து, நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது மடியில் வந்து விழுந்தது. என்றாலும் ஒரு வரி விடாமல் வாசிப்பேன். மற்றவர்கள் சிரிப்புப் படம் போடுகிற இடத்தில் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

தலைக்குச் சாயம் பூசுவதா விடுவதா என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசிக்கிற என் வயதுக்காரர்களே, ஏனென்று உங்களுக்குச் சொல்கிறேன். என் பிள்ளைகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கிற கதைதான். ஒன்பது வயதில் அதற்குள் இருந்தவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்போது நாங்கள் வால்தம்ஸ்டோவில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். குளிர்காலத்து ஞாயிறுகளில், மதியச் சாப்பாடு செமித்தும் செமிக்காமலும், எங்கள் முன்னறையில் நாலு பேர் கூடுவார்கள். கழகத்தின் தலைவர் ஒரு கணக்காளர். கோட்டைக் கழற்றாமலே இருப்பார். அடுத்தவர் பெற்றோல் மாமா. பெற்றோல் ஸ்ரேஷனில் இரட்டை ஷிப்ட் செய்து மற்றக் கழகங்களின் செய்தியெல்லாம் அங்கேயே சேகரிப்பவர். மூன்றாவது, அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அவர் கதிரையில் நித்திரை கொள்வார். யாராவது ஒரு முடிவுக்கு வந்தால் எழும்பி எதிர்ப்பார். நாலாவது அப்பா. எழுத்து அழகு என்பதாலும் முன்னறை எங்களுடையது என்பதாலும் அவர் செயலாளர்.

இந்த நாலு பேரில் ஒருவரும் விளையாடுவதில்லை. தலைவருக்கு முழங்கால். மாமாவுக்கு வயிறு. பெரியப்பாவுக்கு எல்லாமே. அப்பா மட்டும், "நான் நினைச்சால் இப்பவும் இறங்கி அடிப்பன்" என்பார்.

வீட்டை எங்களுக்கு விற்ற வெள்ளைக்காரக் கிழவி மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரியில் இரண்டு உருளை வோல்பேப்பரை விட்டுப் போயிருந்தாள். மண்ணிறத்தில் செம்மஞ்சள் பூக்கள். சுவரில் ஒட்ட அம்மா சம்மதிக்கவில்லை. அப்பா அதன் பின்பக்கத்தை அணி எழுத எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் கம்பளத்தில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு தேத்தண்ணிக் கோப்பையை வைப்பார். இடது பக்கம் 'இருக்கிறவை', வலது பக்கம் 'வரவேண்டியவை', கீழே 'பாப்பம்'. தச்சர்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சிலால் ஒரு பெயரைக் குறுக்கே வெட்டினால் அந்த மனிதர் முடிந்தார். ஒரு ஞாயிறு, எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கி எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிய அண்ணையின் பெயரில் கோடு விழுந்தது. பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோடு போட்டால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்று நான் நம்பத் தொடங்கினேன். இதையெல்லாம் பார்க்க எனக்கு ஒரு இடம் இருந்தது: சோபாவுக்கும் ஹீற்றருக்கும் நடுவில் உள்ள சூடான சந்து. அங்கே புத்தகத்தோடு இருந்தால் என்னை எல்லாரும் மறந்துபோவார்கள்.

"போன முறை ஏன் தோத்தனாங்கள்? சொல்லுங்கோ பாப்பம்," என்றார் தலைவர்.

"மழை," என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமல்.

"மழை அயலூருக்கும்தானே பெஞ்சது."

"அவங்கள் நனைஞ்சு பழகினவங்கள்."

அயலூர் என்றால் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். ஊரில் இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தானாம். லண்டனில் அந்த வாய்க்கால் கடலாகிவிட்டது.

"மழையும் இல்லை, வெயிலும் இல்லை," என்றார் பெற்றோல் மாமா. "வேகமாப் பந்து போட எங்களிட்ட ஆளில்லை. செவன் கிங்ஸில ஒருத்தன் இருக்கிறான் மச்சான். பார்க்கில போடேக்க பாத்தனான். பந்தைக் காணேலாது, சத்தம்தான் கேக்கும்."

"எந்த ஊர்?"

"அதுதான் பிரச்சினை. அவன்ர ஊருக்கு இஞ்ச கழகமே இல்லை."

போட்டியை நடத்துகிறவர்களுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு ஊருக்கு ஆட வேண்டுமென்றால் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஊரில் பிறந்த பெண்ணைக் கட்டியிருக்க வேண்டும். முன்பு வாய்ச்சொல்லே போதுமாக இருந்ததாம். பிறகு, பாட்டனுக்கு அங்கே அரைப்பரப்புக் காணி இருந்தது என்று சொல்லி ஆட்கள் கழகம் மாறத் தொடங்கியதும், பிறப்புச் சான்றிதழில் என்ன ஊர் இருக்கிறதோ அதுதான் ஊர் என்று ஆக்கிவிட்டார்கள். கட்டியவர் என்றால் மனைவியின் சான்றிதழும், கலியாண எழுத்து, அதாவது பதிவு, நடந்த பத்திரமும் காட்ட வேண்டும்.

"கலியாணம் கட்டினவனோ?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லை."

சமையலறையிலிருந்து, எங்களோடு தங்கியிருந்த கலியாணமாகாத சித்தி கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. நாலு பேரும், கண்ணைத் திறந்த பெரியப்பா உட்பட, அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "சீ. என்ன கதை இது," என்றார். கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார். பிறகு, "எழுத்தை மட்டும் ஏப்ரலில வைச்சால் காணும் என்ன? கலியாணத்தை ஓகஸ்டில, சீசன் முடிய வைக்கலாம்," என்றார்.

"பொடியன் எப்பிடி?" இது தலைவர்.

"காத்து மாதிரி ஓடி வருவான்."

"குணத்தைக் கேட்டனான்."

"குணமும் அப்பிடித்தான் இருக்கும்," என்றார் மாமா.

மாப்பிள்ளை பற்றிய விசாரணை அத்தோடு முடிந்தது. 'வரவேண்டியவை' என்ற பக்கத்தில் அப்பா அந்த ஆளின் பெயரை எழுதினார். பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், சித்தியின் பெயரை எழுதினார். அந்த இரண்டு வளைந்த கோடுகளுக்கு நடுவில் சித்தி அகப்பட்டுக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு முதுகில் ஹீற்றர் சுட்டும் கால் குளிர்ந்தது.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. அப்பாவின் ஊர்தான் அவர்களுக்கும். லண்டன் வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. பின்பக்கத்துச் சின்ன அறையில் அடுக்குக் கட்டிலில் மேலே நானும் கீழே அவரும் படுப்போம். சித்தி கசெற்றைப் போட்டு இங்கிலிஷ் படிப்பார். 'த வெதர் இஸ் லவ்லி ருடே' என்று மழைக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். தபால் துவாரத்தில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றுவிடும். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை.

அவருக்கென்று இருந்த சொத்து, கட்டிலின் கீழே ஒரு சூட்கேஸ். அதற்குள் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் அவருடைய பிறப்புச் சான்றிதழ். நாலாக மடித்துப் பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தது. மடிப்பு மடிப்பாகப் பழுத்து, அந்துருண்டை வாசம் அடிக்கும். அதை அவர் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. எனக்கு ஒருமுறை, கை கழுவிவிட்டு வரச்சொல்லி, தொட்டுப் பார்க்கத் தந்தார். தமிழ்ப் பள்ளியில் எனக்கு அச்செழுத்துத்தான் பழக்கியிருந்தார்கள். அந்தப் பதிவுகாரரின் கையெழுத்து எறும்பு மை குடித்து நடந்ததுபோல் இருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை.

அந்தக் கிழமை அம்மா அவரைச் சமையலறையில் வைத்துக் கேட்டார். "ஒருத்தன்ர கையில உன்னைக் குடுத்திட்டால் எனக்கு நிம்மதி. என்ன சொல்லுறாய்?"

"நீங்கள் பாத்துச் செய்யுங்கோ அக்கா," என்றார் சித்தி. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அப்பா வீட்டில் தங்கியிருந்து, அப்பா லோயருடன் கதைத்து, அப்பா கையெழுத்துப் போட்ட கடிதங்களால் இந்த நாட்டில் நிற்கிற ஒருத்திக்கு வேறு என்ன வசனம் மிச்சம் இருந்தது என்பது எனக்கு நாற்பது தாண்டித்தான் விளங்கியது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமைக் காலை, ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி வைத்தார்கள். சித்தி ஆளைப் பார்க்கட்டும் என்று எங்களையும் கூட்டிப் போனார்கள். ரப்பரும் காலுறையும் கலந்த வாசம். பச்சை வலை. நானும் சித்தியும் தாழ்ந்த மர வாங்கில் இருந்தோம்.

அந்த ஆள் பார்க்க நல்லவராகத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். மெல்லிய உடம்பு. "வாங்கோ அண்ணை, இருங்கோ அண்ணை" என்று மரியாதை. ஸ்வெற்றரைக் கழற்றி, கடையில் வைப்பதுபோல் மடித்து வைத்தார். மண்டபம் அவருடைய ஓட்டத்துக்குப் போதவில்லை. எனவே கதவைத் திறந்துவைத்துவிட்டு, வெளியே நடைபாதையிலிருந்து ஓடிவந்தார். முதலில் ஆளைக் காண முடியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். தூரத்தில் மெதுவாக, பிறகு விரைவாக, பிறகு மிக விரைவாக. கதவுக்குள் உருவம் தோன்றும்போது பந்து ஏற்கனவே புறப்பட்டிருக்கும்.

மூன்று பேர் மட்டையோடு அவருக்கு முன்னால் நின்றுவிட்டு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒதுங்கினார்கள். அப்போதுதான் அப்பா நினைத்தார். நினைத்தால் அடிப்பன் என்றவர் நினைத்தே விட்டார். கால்காப்பைக் கட்டிக்கொண்டு, மச்சாள் முறையான சித்தியின் முன்னால் மட்டையைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டு போய் நின்றார்.

முதல் பந்துக்கு அப்பா கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினார். அது மட்டையின் ஓரத்தில் பட்டு எங்கேயோ பறந்தது. பெரியப்பா கை தட்டினார். அந்த ஆள் சிரிக்கவில்லை. நடைபாதைக்குத் திரும்பிப் போனார். மறுபடி காலடிச் சத்தம். இந்த முறை இன்னும் தூரத்திலிருந்து தொடங்கியது.

பச்சை முருங்கைக்காயை முறித்ததுபோல் ஒரு சத்தம். அப்பா மட்டையை விட்டுவிட்டு முழந்தாளில் இருந்தார். வலது கையை இடது கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதார். அப்பா அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. எல்லாரும் ஓடினார்கள்.

அந்த ஆள் ஓடவில்லை. திரும்பி, தன் குறி வைத்த இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து கையை நீட்டினார். "பந்தைத் தாங்கோ அண்ணை," என்றார். அப்பாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பெற்றோல் மாமா, போகிற போக்கில் பந்தைக் குனிந்து எடுத்து அவருக்கு எறிந்துவிட்டு ஓடினார். அந்தக் காட்சியை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். மாமா நல்ல மனிதர். பந்தைக் கேட்டால் எறிவது அவருக்குப் பழக்கம்.

"பாத்தியளே," என்றார் தலைவர், அப்பாவைத் தூக்கியபடியே. "திரும்பியே பாக்கேல்ல. இதுதான் எங்களுக்கு இவ்வளவு நாளும் இல்லாதது."

"நல்ல பந்து," என்றார் அப்பா. இரண்டு விரல் முறிந்திருந்தது.

சித்தி என் கையைப் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். என் உள்ளங்கையில் நாலு நகத்தின் அடையாளம், அடைப்புக்குறி மாதிரி.

அதன் பிறகு எனக்குக் காலடிச் சத்தம் என்றால் பயம். நடைபாதையில் தபால்காரர் வந்தாலும் முதலில் மெதுவாக, பிறகு விரைவாகக் கேட்கும். அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் மாடிப்படியில் அப்படி ஏறிவருவார் என்று நினைத்தேன். பெரியவர்களிடம் சொல்லலாம்தானே என்று கேட்பீர்கள். சொன்னேன். "அந்தப் பந்து போட்ட மாமா அப்பாவைத் திரும்பிப் பாக்கேல்ல," என்று அம்மாவிடம் சொன்னேன். "விளையாட்டில அப்பிடித்தான் பிள்ளை," என்றார் அம்மா. விளையாட்டைப் பற்றி அம்மா சொன்ன முதல் வசனமும் கடைசி வசனமும் அதுதான்.

அடுத்த ஞாயிறு சந்துக்குள் இருந்து கேட்டேன்: "சேர்ட்டிபிக்கேற் இருந்தாக் காணும், அலுவல் முடிஞ்சுது." ஆக, சேர்ட்டிபிக்கேற் இல்லாவிட்டால் அலுவல் முடியாது. ஒன்பது வயதுக்கு இது போதுமான சட்ட அறிவு. சித்தி வேலைக்குப் போயிருந்த நேரம் சூட்கேஸைத் திறந்தேன். கை கழுவினேன், அதை மறக்கவில்லை. தாளைச் சுருட்டி, என் பள்ளிக்கூடத்து நீல ரிப்பனால் கட்டி, படிக்குக் கீழே அலுமாரியில் இருந்த இரண்டாவது வோல்பேப்பர் உருளையின் ஓட்டைக்குள் தள்ளினேன். முதல் உருளையில் நிறைய இடம் இருந்தது. இரண்டாவதை யாரும் தொடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு கடிதம் விழுந்தது. லோயரிடமிருந்து. சித்தியின் மூலச் சான்றிதழ், பிரதி அல்ல, மார்ச் மாத முடிவுக்குள் தேவை. அதில்தான் வழக்கு நிற்கிறது.

சித்தி சூட்கேஸைத் திறந்தார். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்தார். பிறகு மெத்தையைத் தூக்கினார். அம்மா அரிசி வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தார். அப்பா கட்டுப்போட்ட கையோடு காரின் இருக்கைகளைக் கழற்றினார். "அங்க பதிவுக் கந்தோரே எரிஞ்சு போச்சு. இனி ஒரு பிரதியும் எடுக்கேலாது," என்று அப்பா தொலைபேசியில் யாருக்கோ சொன்னார். "அது இல்லாட்டில் அனுப்பிப்போடுவாங்கள்."

எங்கே அனுப்புவார்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டிலின் கீழ்த்தட்டில் சித்தி எப்போதும் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுப்பார். அவர் விட்டுவந்த இடம் அந்தச் சுருளலுக்குள் இருந்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தாளை எடுத்து வைத்தால் சித்தி அந்த ஆளோடு போவார். வைக்காவிட்டால் விமானத்தில் போவார். இரண்டு பயத்தையும் மாறி மாறிச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. பூச்சி மருந்து தந்தார்கள். மாத முடிவுக்கு முதல் நாள் எடுத்து வைத்துவிடுவது என்று முருகனுக்கு வாக்குக் கொடுத்தேன். அதற்குள் அவர் ஏதாவது செய்யட்டும் என்று அவருக்கும் கொஞ்சம் வேலை வைத்தேன்.

மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. அந்த ஞாயிறு மதியம் பெண் பார்க்க வந்தார்கள். சான்றிதழ் காணாமல் போன செய்தியை மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு. வாசலில் சப்பாத்துக்களைக் கழற்றும் சத்தம், பிறகு நடையில் காலடி. நான் சந்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"இண்டைக்காவது உந்தப் பேப்பரை விரிக்காதேங்கோ," என்று அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தார். கால் மணித்தியாலம் எல்லாரும் சீதோஷ்ணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். அதற்கு மேல் தாங்கவில்லை. முதல் உருளை கம்பளத்தில் விரிந்தது. கோப்பைகள் மூலைக்குப் போயின. முதல் பந்து யார் போடுவது, ஸ்லிப்பில் யார் நிற்பது என்று ஐந்து தலையும் குனிந்தன. அப்பாவுக்கு எழுத முடியாததால் பெற்றோல் மாமா எழுதினார். மாமாவின் எழுத்து மாமாவைப் போலவே பெரியது.

சித்தி ரோல்ஸ் தட்டத்தோடு உள்ளே வந்தார். ஒவ்வொருவராகக் கொடுத்து, அந்த ஆளிடம் வந்து நின்றார். தட்டத்தை நீட்டவில்லை.

"ஒண்டு கேக்கலாமோ?" என்றார். அந்த முன்னறையில் சித்தி கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"கேளுங்கோ."

"அண்டைக்கு அத்தானுக்குக் கை முறிஞ்சது. நீங்கள் ஏன் திரும்பிப் பாக்கேல்ல?"

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார். "விக்கெற் விழேல்லைத்தானே," என்றார். "பிறகென்னத்துக்குப் பாக்கிறது?"

வாசலில் நின்ற அம்மா சித்தியைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் தொடையில் தட்டினார். "இதைத்தான் நான் சொன்னனான்," என்றார். "இப்பிடி ஒருத்தன் எங்களிட்ட இருந்திருந்தால் போன வருசம் கப்பை எடுத்திருப்பம்." பெரியப்பாகூட எதிர்க்கவில்லை. அப்பா தன் கையின் கட்டைப் பார்த்தார். பிறகு, "பேப்பரில இடம் முடிஞ்சுது. கீழ மற்ற ரோல் இருக்கு," என்றார்.

"நான் எடுத்து வாறன்," என்று சந்துக்குள்ளிருந்து எழும்பினேன். நான் இருப்பது தெரியாத மூன்று பேர் திடுக்கிட்டார்கள். ஹீற்றரில் இடித்துக்கொண்டு வெளியே வருவதற்குள் மாமா எட்டி நடந்து அலுமாரியைத் திறந்துவிட்டார். உருளையைத் தோளில் சாய்த்து வந்தார். கம்பளத்தில் நிமிர்த்தித் தட்டினார். நீல ரிப்பன் கட்டிய ஒரு சுருள் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்து உருண்டது.

தலைவர் அதை எடுத்தார். ரிப்பனை அவிழ்த்துப் போட்டார். மடிப்புக்களைக் கணக்காளர் கையால் நீவிவிட்டார். "இதல்லோ தேடினனீங்கள்," என்றார். அம்மா "முருகா" என்று கதவைப் பிடித்தார். சித்தி தாளைப் பார்க்கவில்லை, ரிப்பனைப் பார்த்தார். பிறகு என்னை.

"நல்ல காலம். வயிற்றில பால் வார்த்த மாதிரி," என்றார் தலைவர், வாசித்தபடி. வாசித்தபடியே அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். "பிறந்த இடம்," என்றார். அடுத்த சொல் அயலூரின் பெயர்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அது அந்த முறை வெள்ளம்," என்றார் அம்மா. "மருத்துவிச்சி வாய்க்காலுக்கு அங்கால. அம்மாவை வண்டியில ஏத்திக்கொண்டு போனது. அங்கயே பதிஞ்சது."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்ல?" என்றார் அப்பா.

"என்னட்ட ஆர் கேட்டது?"

பெற்றோல் மாமா கம்பளத்தில் இருந்தபடியே விதியைக் கூட்டிக் கழித்தார். "அப்ப இவளைக் கட்டினால் தம்பி அயலூருக்குத்தான் ஆடலாம்," என்றார்.

எல்லாரும் அந்த ஆளைப் பார்த்தோம். அவர் தேத்தண்ணியை விழுங்கிவிட்டு, மரியாதையாகக் கேட்டார்: "அயலூருக்கு இப்ப ஆர் அண்ணை கப்டன்?"

தலைவர் குனிந்து வோல்பேப்பரைச் சுருட்டத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் கோட்டுகள் மாட்டப்பட்டன. கலியாணம் நின்றுவிட்டது. சித்திக்கு அவர் சொன்ன பதிலுக்காக நிற்கவில்லை. அந்தப் பதிலுக்கு அவர்கள் தொடை தட்டியதை நான் பார்த்தேன். மழை வெள்ளத்துக்காகத்தான் நின்றது.

மறுநாள் காலை சித்தி எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். ஏச்சு வரும் என்று கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். நீல ரிப்பனை எடுத்துப் பின்னல் நுனியில் இறுக்கிக் கட்டினார்.

"நானும் அதை ஒளிக்கத்தான் போனனான். அதில உள்ள ஊரைத்தான் பாப்பினம் எண்டு தெரியாது," என்றார். "சூட்கேஸைத் திறந்தால் காணேல்ல. முதல்ல சந்தோசமா இருந்தது. பிறகு லோயர்ர கடிதம் வந்திட்டுது."

ஒரே அறையில் படுத்த இரண்டு பேர், ஒருவருக்கும் சொல்லாமல், சித்தியைக் காப்பாற்றக்கூடிய ஒரே தாளை ஒளிக்கப் பார்த்திருக்கிறோம். நாங்கள் தொடாமல் விட்டிருந்தால் இரண்டு நாளில் தலைவர் கையில் போய், அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். என் வீரச்செயலின் மொத்த விளைவு, ஒரு வீடு முழுக்க மூன்று கிழமை நித்திரை இல்லாமல் கிடந்தது. என் பிள்ளைகள் சிரிப்பது இந்த இடத்தில்தான்.

தாள் லோயரிடம் போனது, திரும்பி வரவேயில்லை. சித்திக்கு மறு வருடம் வதிவிட அனுமதி வந்தது. இப்போது ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறார், கவுன்சிலில் வேலை. அவரே தேடிக்கொண்ட சித்தப்பாவுக்குப் பந்தும் பிடிக்க வராது, குடையும் பிடிக்க வராது. யாராவது தும்மினாலும் திரும்பிப் பார்ப்பார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சனவரியில் உள்ளங்கை வேர்க்காது.

எங்கள் திட்டம் பெற்றோல் ஸ்ரேஷன் வழியாக வெளியே போயிருந்தது. ஆறு கிழமையில் அயலூர்க்காரர் தங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியோடு அந்த ஆளின் எழுத்தை முடித்துவிட்டார்கள். மே மாதம் அந்த ஆள் அவர்களுடைய தொப்பியோடு இறங்கினார். நாங்கள் தோற்றோம். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் புதுச் சேலையில் ஒரு பெண் நின்றார், சித்தியின் வயது இருக்கும். எங்கள் ஆள் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்த பந்து ஒன்று நாலுக்குப் போனது. மைதானம் முழுவதும் பந்தைப் பார்த்தது. அந்தப் பெண் பந்தைப் பார்க்கவில்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியும். அந்த வருடம் முழுக்க நான் அதோடுதான் இருந்தேன்.

ஒவ்வொரு மே மாதமும் போகிறேன். அந்த ஆள் இப்போது அயலூரின் தெரிவுக் குழுவில் பெரிய ஆள். மரியாதையான மனிதர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அன்று புதுச் சேலையில் நின்ற அந்த அம்மா தேத்தண்ணி மேசையில் நிற்பார். இத்தனை வருடத்தில் நாங்கள் கதைத்தது பால், சீனி அளவுதான். போன வருடம் வரிசையில் எனக்குப் பின்னால் ஆள் இல்லை. கோப்பையைத் தந்தபடி கேட்டார்.

"சித்தி சுகமா இருக்கிறாவோ?"

"ஓம், சுகம்."

"அவவின்ர சேர்ட்டிபிக்கேற்றில வேற ஊர் இருந்ததாம்."

"ஓம்."

மைதானத்தில் யாரோ ஓங்கி அடித்தார்கள். எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள். அவர் கண், பந்தின் பக்கம் போகாமல், எல்லைக்கோட்டோரம் கதிரையில் இருந்த அந்த ஆளின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது. மேசையில் சிந்தியிருந்த சீனியை விரலால் ஒதுக்கினார்.

"என்ரதில சரியாத்தான் இருந்தது," என்றார்.